நான்கு விரல் விலகல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கும் அடுத்தபடியாக வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி, எங்கள் அலுவலகத்தின் பழைய காற்றுத் துப்பாக்கி சீரமைக்கப்பட்டதுதான். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சீரமைப்புக் குழுவின் செயலர் நான் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்களுடையது எடை அளவுச் சோதனை அலுவலகம். தராசு, எடைக்கல், அளவுகோல், படி எதுவாக இருந்தாலும் எங்களிடம் வந்து முத்திரை வாங்கிய பிறகுதான் அதற்கு நேர்மை வரும். கடைக்காரர்கள் எங்களைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். இப்பேர்ப்பட்ட இடத்தில், ஊழியர் மனமகிழ் மன்றத்தின் சொத்துப் பட்டியலில் நான்காவது இனமாக ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. முதல் மூன்று இனங்கள்: ஒரு கேரம் பலகை, ராஜா இல்லாத சதுரங்கக் காய்கள், ஒரு பூட்டு. குழாயை மடக்கிக் காற்றை அழுத்தி, மிளகு அளவு ஈயக் குண்டைப் போட்டுச் சுடுகிற பழைய வகைத் துப்பாக்கி அது. எதைப் பார்த்துச் சுட்டாலும் குண்டு இடப்பக்கம் தள்ளித்தான் போகும்.

அதை வைத்துக் குறி தப்பாமல் சுட்ட ஒரே ஆள் ரெக்கார்டு அக்கா. பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அந்தப் பெயர். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருடமாகத் 'தற்காலிகமாக' இருக்கிறார். ஆண்டுக்கு ஒரு நாள் அவரை வேலையிலிருந்து நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வோம். நீக்கப்பட்ட அன்றும் வந்து வேலை பார்த்துவிட்டுத்தான் போவார். அப்படி ஒரு கடமை உணர்ச்சி!

ஒவ்வொரு வருடமும் அவர் பெண்ணின் பள்ளியில் ஒரு படிவம் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார்.

"சார், 'தாயின் தொழில்'னு ஒரு இடம் இருக்கு. இந்த வருஷமாவது ஏதாவது எழுதலாமா?"

"கோடு போட்டுடுங்கம்மா. வம்பு வேண்டாம்."

"போன வருஷமும் கோடுதான் சார் போட்டேன். அம்மா வேலைக்குப் போறதா சொல்றே, எங்க போறாங்கன்னு டீச்சர் பொண்ணைக் கேட்டிருக்காங்க."

நான் இரக்கமுள்ளவன். கோட்டை என் அளவுகோலிலேயே நேராகப் போட்டுக் கொடுப்பேன்.

இந்த வருடம் அந்தக் கோட்டுக்கு விடிவுகாலம் வருவதாக இருந்தது. அலுவலகங்களுக்கு இடையிலான துப்பாக்கி சுடும் போட்டியை எங்கள் கூடத்திலேயே நடத்த வேண்டிய முறை வந்தது. அவரவர் துப்பாக்கியை அவரவரே கொண்டுவர வேண்டும், ஆளுக்கு ஐந்து குண்டு. வழக்கமாக எங்கள் டைரக்டரே கலந்துகொண்டு கடைசி இடத்தை நிலைநாட்டுவார். சொந்த வீட்டிலேயே மானம் போவதை விரும்பாமல் அவர் இந்த முறை அலுவலகத்துக்குள் ஒரு தேர்வு வைத்தார். அக்கா ஐந்து குண்டையும் நடுவில் போட்டார். டைரக்டர் உணர்ச்சிவசப்பட்டு எல்லோர் முன்னாலும் அறிவித்தார்: "நீங்க கோப்பையை வாங்கிக் கொடுங்க, விளையாட்டு ஒதுக்கீட்டுல உங்களுக்கு நிரந்தர ஆணை நான் வாங்கித் தர்றேன்!" ஆணையைத் தட்டச்சு செய்து, தேதி போடாமல், என் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளும்படி எனக்கு உத்தரவும் வந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து ஒரு மேலதிகாரி சோதனைக்கு வந்தார். வந்தவர் தராசுகளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே? துப்பாக்கியைப் பார்த்தார், ஆசைப்பட்டார், அட்டையைக் குறிபார்த்துச் சுட்டார். சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐம்பதில் நின்றுபோனது. (அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் யாருமே தாமதமாக வந்ததில்லை.) "அளவு பார்க்கிற ஆபீஸ்ல அளவு தப்புற கருவியா?" என்று கர்ஜித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான்காம் நாள் குழு அமைந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர், டைரக்டர். தொழில்நுட்ப உறுப்பினர், முத்திரை ஆய்வாளர். இவர் எந்நேரமும் சட்டைப் பையில் ஈய முத்திரைகளைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டே நடப்பதால் இவருக்கு 'ஈயம்' என்று பெயர். செயலர், தலைமை எழுத்தராகிய அடியேன். கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது.

"முதல்ல எவ்வளவு தள்ளிச் சுடுதுன்னு அளக்கணும்" என்றார் டைரக்டர். "அளக்காம எந்த முடிவுக்கும் வரக் கூடாது. நாம யாரு?"

"அளவைத் துறை சார்" என்றார் ஈயம்.

"அதான். அளங்க."

ஈயம் பத்துக் குண்டு சுட்டார். ஒன்பது எங்கே போயின என்று தெரியவில்லை. பத்தாவது கேரம் பலகையில் இருந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நான் நைசாக ரெக்கார்டு அறைக்குப் போய் அக்காவிடம் விசாரித்தேன்.

"நாலு விரல் சார்" என்றார், கோப்பைத் தூசி தட்டிக்கொண்டே. "அட்டைக்கு வலது பக்கம் நாலு விரல் தள்ளிப் பிடிச்சா நடுவுல போய் விழும். ரொம்ப நல்ல துப்பாக்கி சார் அது. எப்பவும் ஒரே மாதிரிதான் தப்பு பண்ணும், மாத்தி மாத்திப் பண்ணாது. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா, ரெக்கார்டுக்கு."

மறுநாள் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'பல கட்ட ஆய்வுக்குப் பின் குழு கண்டறிந்த விலகல்: நான்கு விரல், இடப்புறம்.' டைரக்டர் படித்துவிட்டு என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"யாரோட விரல்?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. இரண்டாவது கூட்டம் முழுவதும் இதற்கே போனது. முடிவில் டைரக்டரின் வலது கை விரல்களே அலுவலகத்தின் 'நிலையான விரல்கள்' என்று தீர்மானம் நிறைவேறியது. அன்று அவர் அந்தக் கையால் தேநீர்க் கோப்பையைக்கூடத் தொடவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் ஈயம் ஒரு யோசனை சொன்னார். "துப்பாக்கியை எதுக்கு சார் தொடணும்? அட்டையை நாலு விரல் இடது பக்கம் நகர்த்தி மாட்டிடலாம்."

"மத்த ஆபீஸ்காரங்களுக்கு?"

"அவங்க பார்க்காதப்போ மாட்டலாம் சார்."

யோசனை பரிசீலனையில் வைக்கப்பட்டது. இப்படியே மூன்று மாதம் ஆனது. போட்டிக்கு மூன்றே வாரம் இருக்கும்போது, எதிர்ச் சாரியில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் பூட்டு மாஸ்டரை அழைத்தோம். அவர் துப்பாக்கியை வாங்கினார், குழாயின் இரண்டு முனைக்கும் ஒரு நூலைப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"குழாய் வளைஞ்சிருக்குங்க. இதை யாரு ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வெச்சது?"

நாங்கள் மூவரும் கூரையைப் பார்த்தோம். ரெக்கார்டு அறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளும்போது 'அலுவலகத்தில் கிடைக்கும் தகுந்த பொருளைக் கொண்டு' முட்டுக் கொடுக்கலாம் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆணை பிறந்திருந்தது. அதன் கீழே இருந்தது என் கையெழுத்துதான். அழகான கையெழுத்து.

"ரெண்டு மணி நேர வேலைங்க" என்றார் மாஸ்டர். "மரக்கட்டை வெச்சு இடுக்கியில பிடிச்சு நிமிர்த்திட்டா போச்சு. உள்ளே வாஷரையும் மாத்தித் தர்றேன்."

டைரக்டரின் முகம் சுருங்கியது. "ரெண்டு மணி நேரமா? என்னய்யா பேசுறீங்க? மூணு மாசமா ஒரு குழுவே உக்காந்து ஆராய்ஞ்ச பிரச்சனை இது!"

மாஸ்டர் உலகம் தெரிந்தவர். "அப்ப பதினஞ்சு நாள்னு வெச்சுக்கங்க."

"அப்படிச் சொல்லுங்க."

அவர் இரண்டு மணி நேரத்தில் முடித்து, மீதிப் பதினான்கே முக்கால் நாள் கடைப் பரணில் போட்டு வைத்திருந்து கொண்டுவந்தார். துப்பாக்கி எங்கே என்று இடையில் அக்கா கேட்டதற்கு, "எண்ணெய் போட்டுத் துடைக்கக் கொடுத்திருக்கு" என்றேன். பதிவேட்டில் 'பராமரிப்பு' என்றுதானே இருந்தது? பொய் ஒன்றும் இல்லை.

துப்பாக்கி திரும்பி வந்த அன்று, அக்கா வீட்டுக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு குழு சோதித்துப் பார்த்தது. டைரக்டர் சுட்டார். குண்டு அட்டையில் பட்டது! ஈயம் சுட்டார், பட்டது! நான்கூடச் சுட்டேன். சுடும்போது கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூவரும் கட்டிக்கொண்டோம். டைரக்டரின் கண்ணில் நீர் நின்றது. ஈயம் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு முத்திரையை எடுத்து, விசைக்குக் குறுக்கே கம்பி கட்டி, 'சரிபார்க்கப்பட்டது' என்று நசுக்கினார். போட்டி மேடையில்தான் அது உடைக்கப்பட வேண்டும் என்று முடிவானது.

"எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பிடுங்க" என்றார் டைரக்டர்.

இந்த இடத்தில் நிர்வாகக் கலைக்கு என் எளிய பங்களிப்பு ஒன்றை விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கையைப் படிக்கிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் ஊழியர். ஆகவே தற்காலிகமாக இருப்பவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. போட்டால், நாளைக்கு அதையே காட்டி "நான் ஊழியர்தான்" என்று வந்து நிற்பார். பதினோரு வருடத்துக்கு முன் இந்த ஓட்டையை நான்தான் கண்டுபிடித்து அடைத்தேன். அதற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கிடைத்தது.

ஆகவே 'துப்பாக்கி நேராக்கப்பட்டது. இனி நேராகக் குறிபார்த்துச் சுடவும்' என்ற சுற்றறிக்கை, பச்சை அட்டைக் கோப்பில் நாடா கட்டி, நிரந்தர ஊழியர்கள் இருபத்திரண்டு பேருக்கும் அனுப்பப்பட்டது. மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்து வாங்கி வந்தவர், வழக்கம்போல, ரெக்கார்டு அக்கா. நாடாவை அவர் அவிழ்க்கக் கூடாது என்பது விதி. அவர் அவிழ்த்ததே இல்லை.

"என்ன சார், எல்லாரும் படிச்சிட்டுச் சந்தோஷமா சிரிக்கிறாங்க?" என்று கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்.

"ஆபீஸ் விஷயம்மா."

"துப்பாக்கி வந்துடுச்சாமே சார். ஒரு அஞ்சு குண்டு சுட்டுப் பார்த்துக்கட்டுமா?"

"முத்திரை போட்டாச்சே."

"அது சரி, பரவால்ல. வீட்ல துடைப்பக் கட்டையை வெச்சு தினமும் பழகிக்கிட்டுதான் சார் இருக்கேன். லைட் சுவிட்சுக்கு வலது பக்கம் நாலு விரல். பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கிறா. ஆனா இந்த வருஷப் படிவத்தைப் பூர்த்தி பண்ணாம வெச்சிருக்கா, போட்டி முடியட்டும்னு."

சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஆனால் சுற்றறிக்கையில் உள்ளதை வாய்மொழியாகச் சொல்வது, சுற்றறிக்கையை அனுப்பியதற்குச் சமம். தவிர, இருபத்திரண்டு பேர் படித்திருக்கிறார்கள், யாராவது ஒருத்தர் சொல்லாமலா இருப்பார்? இப்படித்தான் நான் நினைத்தேன். பிறகு விசாரித்ததில் மற்ற இருபத்தோரு பேரும் இதையேதான் நினைத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தின் ஒற்றுமை அப்படி.

போட்டி நாள் வந்தது. எடைக்கற்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தோம். சுடுகிறவர் நிற்க ஒரு கோடு, விருந்தினர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் நாற்காலிக் கட்டம், எல்லாவற்றையும் நானே சாக்பீஸால் வரைந்தேன். முப்பது அடி தூரத்தில் கறுப்புப் பலகையில் உள்ளங்கை அளவு வெள்ளை அட்டைகள். கடைசியாகத்தான் அட்டைகளைக் கழற்றி எண்ணுவார்கள். நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் துளை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முத்திரை மேடையில் உடைக்கப்பட்டது. கைதட்டினோம். அக்கா அன்று புதுச் செருப்புப் போட்டு வந்திருந்தார். கோட்டில் நின்று துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் அது கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது. நான்கு விரல். எனக்குத் தெரிந்தது. என் மடியில் கைப்பை இருந்தது, அதற்குள் தேதி போடாத ஆணை. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன்.

"உக்காருங்க" என்று டைரக்டர் கிசுகிசுத்தார். "அவங்க கவனம் கலைஞ்சிடும்."

உட்கார்ந்தேன். ஐந்து முறை சத்தம் கேட்டது. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் அக்கா நிதானமாகக் குழாயை மடக்கினார். ஐந்தாவது முடிந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நடுவர் அட்டையைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு அவரே பலகையைத் தடவிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்: அட்டைக்கு வலப்பக்கம், வெறும் பலகையில், ஒரே ஒரு துளை. ஐந்து குண்டும் அந்த ஒரே துளைக்குள் போயிருந்தன. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சுடுதலைப் பார்த்ததே இல்ல. ஆனா பூஜ்யம்தான்" என்றார். அட்டை முழுக்கச் சல்லடை மாதிரி சுட்டு வைத்திருந்த பக்கத்து அலுவலகக்காரருக்குக் கோப்பை போனது.

அக்கா துப்பாக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் குழாயின் ஓரமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நேராக்கிட்டீங்களா சார்?"

"சுற்றறிக்கை விட்டிருந்தோமேம்மா" என்றேன். "நீங்கதானே எல்லா மேசைக்கும் கொண்டு போனீங்க?"

அவர் துப்பாக்கியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்.

சரிபார்க்கப்பட்ட கருவி இருந்தும் தோற்றது ஏன் என்று தலைமையகம் கேட்டது. டைரக்டர் விளக்கம் எழுத வேண்டும், இல்லையென்றால் 'சம்பந்தப்பட்ட ஊழியர்' எழுத வேண்டும். டைரக்டர் அன்றிரவே முடிவெடுத்தார். காலையில் நானே விளக்கத்தைத் தயாரித்தேன்: 'நான்கு விரல் வலப்புறம் தள்ளிப் பிடித்ததால் குறி தவறியது. தவறு என்னுடையதே.' அக்காவிடம் நீட்டினேன்.

அவர் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். "கீழே 'சம்பந்தப்பட்ட ஊழியர்'னு போட்டிருக்கே சார். எழுத்துப் பிழையா?"

"பிழை எல்லாம் இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. கையெழுத்துப் போடுங்க." பதினோரு வருடமாக நான் காத்து வந்த ஓட்டை, டைரக்டர் அவசரப்படுத்தியதில் எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை.

அவர் நிறுத்தி, நிதானமாக, தெளிவாகக் கையெழுத்துப் போட்டார். "எனக்கு ஒரு நகல் வேணும் சார்" என்றார். கொடுத்தேன்.

அந்த நகல் நேராகத் தொழிலாளர் நல அலுவலரின் மேசைக்குப் போனது. எங்களை அழைத்தார்கள்.

"இதுல ஊழியர்னு இருக்கே. இவங்க ஊழியரா, இல்லையா?" என்று கேட்டார் அலுவலர்.

டைரக்டர் யோசித்தார். "இந்தக் கடிதத்துக்கு மட்டும் ஊழியர் சார்."

அலுவலர் சிரிக்கவில்லை. ஆறு மாதம் இழுத்தது. கடைசியில் நிரந்தர ஆணை வந்தது, இந்த முறை தேதியோடு. பள்ளிப் படிவத்தில் கோடு போட வேண்டிய இடத்தில் அக்காவின் பெண் கொட்டை எழுத்தில் அம்மாவின் வேலையை எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். இதையும் சீரமைப்புக் குழுவின் சாதனைகளில் மூன்றாவதாக நான் அறிக்கையில் சேர்த்திருக்கிறேன். நாங்கள் துப்பாக்கியை நேராக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

நிரந்தரமானவர்கள் நிலுவைச் சுற்றறிக்கைகளை எல்லாம் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பச்சைக் கோப்பை அக்காவின் முன்னால் வைத்து, நாடாவை அவிழ்க்க அனுமதித்தேன். துப்பாக்கிச் சுற்றறிக்கைதான் மேலே இருந்தது. படித்தார், கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார். அவர் போன பிறகு பார்த்தேன்.

'படித்தேன். போட்டி அன்றைக்கு நீங்கள் எனக்குப் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.'

ஒரு குறிப்பைச் சரிபார்க்காமல் கோப்பில் சேர்ப்பது எங்கள் அலுவலக மரபு இல்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அழிக்கச் சொல்லி யாரும் ஆணை போடாததால் சாக்பீஸ் கோடுகள் அப்படியேதான் இருந்தன. அவர் நின்ற கோட்டிலிருந்து என் நாற்காலிக் கட்டம் வரை இரண்டு முறை அளந்தேன். ஒன்பதே முக்கால் அடி. கால் அடியை எனக்காக விட்டுக்கொடுத்து எழுதியிருக்கிறார்.